மெஷின் இருக்கு, ஸ்ட்ரிப்தான் இல்லை

எங்கள் ஊரில் சர்க்கரை பார்க்கும் மெஷின் இல்லாத தெரு கிடையாது. சில வீடுகளில் இரண்டு, மூன்றுகூட இருக்கும். அதில் செருக ஸ்ட்ரிப் வைத்திருக்கும் வீடு எது என்று கேட்டால்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். தஞ்சாவூர் - கும்பகோணம் சாலையில், அய்யம்பேட்டைக்கும் பாபநாசத்துக்கும் நடுவே மருந்துக்கடை வைத்திருக்கிறேன். இருமல் மருந்துக்கும் வயிற்றுவலி மாத்திரைக்கும் ஆள் வந்த காலம் போய், இப்போது கடையின் பாதி வியாபாரம் சர்க்கரை, பிரஷர் என்றாகிவிட்டது. ஐ.சி.எம்.ஆர். நாடு முழுக்க நடத்திய ஆய்வு 2023-இல் வெளியானபோது இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு என்றார்கள். தமிழ்நாட்டில் 100 பேருக்கு 14 பேருக்கு மேல். எங்கள் கல்லாவுக்கு அது முன்பே தெரியும்.

மெஷின் ஏன் இத்தனை மலிவு, ஸ்ட்ரிப் ஏன் இத்தனை விலை என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்டுவிடுவார். மெஷினை ஒரு முறைதான் விற்க முடியும், ஸ்ட்ரிப்பை ஆயுசுக்கும் விற்கலாம் என்பதுதான் பதில். அதனால்தான் 25 ஸ்ட்ரிப்போடு மெஷினும் சேர்த்து ஒரு பெட்டி, அதற்கு ஒரு தள்ளுபடி என்று கம்பெனிகள் கொடுக்கின்றன. சில சமயம் அந்தப் பெட்டியின் விலை, தனியாக ஸ்ட்ரிப் டப்பா வாங்கும் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஜனங்கள் விவரமானவர்கள், ஸ்ட்ரிப் தீர்ந்ததும் புது மெஷினே வாங்கிவிடுகிறார்கள். ஒரு கம்பெனி ஸ்ட்ரிப் இன்னொரு கம்பெனி மெஷினில் ஏறாது. பரணில் மெஷின்கள் சேருகின்றன.

கம்பெனியைப் பொறுத்து ஒரு ஸ்ட்ரிப் 10 ரூபாயிலிருந்து 25 ரூபாய் வரை ஆகிறது. 50 உள்ள டப்பா 900, 1,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26-க்கு அறிவிக்கப்பட்ட கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். ஒரு டப்பாவுக்கு மூன்று நாள் மண் வெட்ட வேண்டும். முதியோர் உதவித்தொகை மாதம் 1,200. அதில் வாங்கினால் மீதிக்கு ஒரு வாரம் டீ குடிக்கலாம். மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் கணக்கில் ஏறும் பதினைந்தாம் தேதியை ஒட்டிக் கடைக்கு வரும் பெண்களில் சிலர் எடுத்தவுடன் கேட்பது ஸ்ட்ரிப்தான், அதுவும் பெரும்பாலும் வீட்டுக்காரருக்கு. தனக்கும் சர்க்கரை இருப்பதை மூன்றாவது வாக்கியத்தில்தான் சொல்வார்கள்.

நெல் போட்டவர்களுக்கு வேறு கணக்கு. சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் மூட்டை எடை போட்டு, பணம் வங்கிக்கு வரும் மாசி, பங்குனியில்தான் கடை நோட்டில் பாக்கி அடைபடும். அந்தச் சமயத்தில் சர்க்கரை சுறுசுறுப்பாகப் பார்க்கப்படும். ஆடி, ஆவணியில் மாத்திரையே அட்டையைக் கத்தரித்து நாலு நாலாகப் போகும்போது ஸ்ட்ரிப்பை யார் கேட்பார்கள்? கேட்பவர்களும், "அதே மாதிரி இதையும் ஒரு நாலு பிரிச்சுக் குடுங்க தம்பி" என்பார்கள். கொடுக்க முடியாது. மாத்திரைக்கு அட்டையில் அதனதன் உறை இருக்கிறது. ஸ்ட்ரிப்புக்கு அந்த டப்பாதான் உறை. அதன் மூடிக்குள்ளேயோ சுவரிலேயோ ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்திருப்பார்கள். ஸ்ட்ரிப்பின் நுனியில் இருப்பது ஒரு நொதி. ரத்தத்திலுள்ள குளுக்கோஸோடு அது வினைபுரியும்போது உண்டாகும் மிகச் சிறிய மின்னோட்டத்தைத்தான் மெஷின் அளந்து எண்ணாகக் காட்டுகிறது. ஈரம் பட்டால் அந்த நொதி கெடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எங்கள் பக்கம் அப்பளமே நமுத்துவிடும். காகிதத்தில் மடித்துக் கொடுத்த ஸ்ட்ரிப் என்ன எண் காட்டும் என்று யாருக்கும் தெரியாது.

இந்த ஈரம்தான் டப்பாவின் உண்மையான விலையையும் முடிவு செய்கிறது. திறந்த டப்பாவை 3 மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று சில கம்பெனிகள் போடுகின்றன. சில 6 மாதம் என்கின்றன. சில, பெட்டியில் அச்சிட்ட தேதி வரை இருக்கும் என்கின்றன. அந்தப் பொடி எழுத்தை யாரும் படிப்பதில்லை. 50 உள்ள டப்பா 900 என்றால் ஒன்று 18 ரூபாய். 25 உள்ளது 500 என்றால் ஒன்று 20 ரூபாய். பெரியதுதான் லாபம் என்று வாங்கிப் போய், மூன்று மாதத்தில் 20 ஸ்ட்ரிப் மட்டும் பயன்படுத்தி, மீதியைக் காலாவதியாக்கினால் ஒவ்வொரு குத்தும் 45 ரூபாய். அதனால் மாத்திரை மட்டும் சாப்பிடுகிறவர்களிடம் சின்ன டப்பாவைத்தான் நீட்டுவேன். திறந்த தேதியை டப்பா மேல் பேனாவால் எழுதச் சொல்வேன். அடுப்பு மேடையும் வேண்டாம், ஃபிரிட்ஜும் வேண்டாம், துணி பீரோ போதும். பெரியது விற்றால்தானே உனக்கு லாபம் என்று சொந்தக்காரர்களே கேட்டிருக்கிறார்கள். லாபம்தான். ஆனால் கெட்டுப்போன ஸ்ட்ரிப்பில் தப்பு எண் பார்த்தவர் அடுத்து சண்டைக்கு வருவதும் என்னிடம்தான்.

வெளிநாட்டு மெஷின் ஒரு தனிக் கதை. இந்த வட்டாரத்தில் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பிள்ளை இல்லாத தெரு குறைவு. லீவில் வரும் பையன் அம்மாவுக்குத் தைலம், சாக்லேட்டோடு ஒரு குளுக்கோமீட்டரும் கொண்டுவருவான். அதற்குரிய ஸ்ட்ரிப் இங்கே பெரும்பாலும் கிடைக்காது. கொண்டுவந்த டப்பா தீரும் வரை பார்த்தாலும் வேறு ஒரு குழப்பம். அந்த நாடுகளில் சர்க்கரையை மில்லிமோல் கணக்கில் அளக்கிறார்கள், நாம் மில்லிகிராம். ராஜகிரியிலிருந்து வந்த ஒரு பாட்டியம்மா சந்தோஷமாகச் சொன்னார்: "சுகர் பதிமூணுதான் இருக்கு தம்பி, ரொம்பக் கொறஞ்சிடுச்சு. மாத்திரைய நிப்பாட்டிடலாமா?" 13-ஐ 18-ஆல் பெருக்கினால் 234. டப்பா மேலேயே "பதினெட்டால் பெருக்கவும்" என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். பேத்தி பெருக்கிச் சொல்கிறாளாம்.

வீட்டில் சர்க்கரை பார்ப்பது புதிது என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். எனக்கு முன் இந்தக் கடையை நடத்திய என் மாமா காலத்தில் நீல நிற பெனடிக்ட் கரைசல் புட்டி அலமாரியில் இருக்கும். ஸ்டான்லி பெனடிக்ட் என்ற அமெரிக்க வேதியியலாளர் நூறாண்டுக்கு முன் செய்துவைத்த கரைசல். வசதியான மிராசு வீடுகளில் ஒரு சோதனைக்குழாய், பிடிக்க ஒரு மர இடுக்கி, ஒரு ஸ்பிரிட் விளக்கு. 5 மில்லி கரைசலில் 8 சொட்டு சிறுநீர் விட்டுக் கொதிக்க வைப்பார்கள். நீலமாகவே நின்றால் நிம்மதி. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, செங்கல் நிறம் வந்தால் அன்று வீட்டில் பாயசம் கிடையாது. குழாய் வாயை யார் முகத்துக்கு நேராகவும் பிடிக்கக்கூடாது, பொங்கித் தெறிக்கும். ஒரு சோதனைக்குச் சில பைசாதான் ஆகும். ஆனால் ரத்தத்தில் சர்க்கரை 180 பக்கம் ஏறினால்தான் பெரும்பாலோருக்குச் சிறுநீரில் இறங்கவே ஆரம்பிக்கும். தாழ்ந்துபோவதை அது காட்டவே காட்டாது. மலிவுக்குக் கொடுத்த விலை அது. ரத்தத்தில் பார்க்கும் பட்டை 1960-களில் அமெரிக்காவில் வந்தது, ஆஸ்பத்திரிக்காரர்களுக்காக. ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் என்ற பொறியாளர், தானே நீரிழிவு நோயாளி, மனைவி டாக்டர் என்பதால் அவர் பேரில் அந்தப் பட்டையைப் படிக்கும் மெஷினை வாங்கி வீட்டில் தினமும் பார்த்தார். நோயாளி தன் கையால் தன் சர்க்கரையைப் பார்க்கலாம் என்ற எண்ணமே அப்படித்தான் பரவியது.

இனி, என் கடைவாசலில் நின்று நான் அதிகம் பேசும் விஷயத்துக்கு வருகிறேன். எல்லோருக்கும் தினமும் குத்திப் பார்க்கத் தேவையில்லை. இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. அமெரிக்காவின் வட கரோலினாவில், இன்சுலின் போடாத இரண்டாம் வகை நோயாளிகள் 450 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2017-இல் வெளியானது. தினமும் வீட்டில் பார்த்தவர்களுக்கும் பார்க்காதவர்களுக்கும் ஒரு வருடம் கழித்து மூன்று மாதச் சராசரியில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிட்டு, கட்டுக்குள் இருப்பவர் தினமும் காலையில் வெறும் வயிற்றில் விரலைக் குத்தி, 128, 131, 126 என்று காலண்டரில் எழுதிக்கொண்டிருந்தால் அது பக்தி. அந்த ஸ்ட்ரிப் காசைச் சேர்த்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை லேபில் அந்தச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.ஒன்.சி. பார்த்துவிடலாம், தனியாரில் 500 ரூபாய் பக்கம் ஆகும்.

ஆனால் சிலருக்கு ஸ்ட்ரிப் உயிர்காப்பு. இன்சுலின் போடுகிறவர்கள். அடுத்து, க்ளைமிபிரைடு, க்ளிபென்க்ளமைடு போன்ற, சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடக்கூடிய மாத்திரைக்காரர்கள். இந்த இரண்டாவது கூட்டத்தை யாரும் கவனிப்பதில்லை. ஒரு தாளடி நடவு சமயம், நாற்று சுமந்துகொண்டிருந்த ஓர் அண்ணனைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உடம்பெல்லாம் வேர்வை, கை நடுக்கம், பேச்சு குழறல். வெயில் அடித்துவிட்டது என்றார்கள். அன்று வெயிலே இல்லை. காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வெறும் டீயோடு வயலுக்குப் போயிருக்கிறார். மாத்திரை தன் வேலையைச் செய்துவிட்டது. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவைத்தோம். கால் மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்தார். அவர் மனைவி கேட்டார்: "வீட்டுல மெஷின் இருக்குங்க. ஸ்ட்ரிப்புதான் பொங்கலோட தீந்துபோச்சு. சுகர் உள்ளவருக்குச் சக்கரையே குடுக்கலாமாங்க?" இப்படிப்பட்டவர் வீட்டில் நாலு ஸ்ட்ரிப்பாவது கெடாமல் இருக்க வேண்டும், தினமும் குத்துவதற்கு அல்ல, இப்படி ஒரு நேரத்துக்கு. ஸ்ட்ரிப் இல்லையென்றால் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். விழுங்கும் நினைவு இருந்தால் சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்துவிடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

மாத்திரைக்காரர்களுக்கு நான் சொல்லும் சிக்கன முறை ஜோடியாகப் பார்ப்பது. டாக்டரிடம் போகும் முன் ஒரு மாதத்தில் நாலு வேளையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். சாப்பாட்டுக்கு முன் ஒரு குத்து. முதல் கவளம் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி கழித்து ஒரு குத்து. மொத்தம் எட்டு ஸ்ட்ரிப். பக்கத்தில் என்ன சாப்பிட்டோம், எத்தனை கரண்டி என்று எழுதிவைக்க வேண்டும். வெறும் வயிற்று எண் மட்டும் தெரிந்தால் கவலைதான் மிஞ்சும். சோற்றின் இரு பக்கமும் பார்த்தால் எதை மாற்றலாம் என்று தெரியும்.

இந்த முறையில் எங்கள் பக்கம் முதலில் அடிபடுவது இட்லி. மதியச் சோற்றைக் கரண்டி எண்ணிச் சாப்பிடும் பெரியம்மா ஒருவர், காலை இட்லியைப் பத்திய உணவு என்றே நினைத்திருந்தார். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் கொடுத்த ஏ.டி.டி. 37, எங்கள் பேச்சில் குண்டு நெல், இட்லிக்கு அருமையான அரிசி. புசுபுசுவென்று வரும். முன்னால் பார்த்தபோது 138. ஐந்து இட்லிக்குப் பின் 241. மதியச் சோற்றுக்குப் பின்கூட அவ்வளவு இல்லை. நோட்டை என் முன் விரித்து, "காய்ச்சக்காரனுக்கே இட்லிதானே குடுக்கிறோம்?" என்று என்னையே முறைத்தார். இப்போது இரண்டு இட்லி, கிண்ணம் நிறைய சாம்பார், ஒரு பிடி சுண்டல். அந்த இரண்டு ஸ்ட்ரிப் செய்ததை நான் பத்து வருடம் பேசியும் செய்திருக்க மாட்டேன்.

ஸ்ட்ரிப்பை வீணாக்கும் வழிகளில் முதன்மையானது, நம்பாமல் மறுபடி குத்துவது. 152 காட்டியது, உடனே பார்த்தால் 163, மெஷின் ரிப்பேர் என்று வருவார்கள். சர்வதேசத் தரம் மெஷினுக்குக் கொடுத்திருக்கும் சலுகையே அதைவிடப் பெரிது: 100-க்கு மேல் உள்ள அளவுகளில் லேப் எண்ணிலிருந்து 15 சதவீதம் மேலோ கீழோ இருக்கலாம், நூற்றுக்கு 95 தடவை அதற்குள் நின்றால் போதும். 152-ம் 163-ம் ஒரே எண் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்தது கை. மாம்பழம் நறுக்கிய விரல், வெல்லம் தொட்ட விரல், கழுவாமல் குத்தினால் 300 காட்டும். சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, விரலின் நுனியில் அல்லாமல் பக்கவாட்டில் குத்த வேண்டும். அங்கே வலி குறைவு. சொட்டு பெரிதாக நிற்கட்டும், பிறகு ஸ்ட்ரிப்பைத் தொடுங்கள். குறைந்த ரத்தத்தால் "எரர்" காட்டினால் 20 ரூபாய் போயிற்று. ஒன்றில் மட்டும் சிக்கனம் வேண்டாம். ஒருவர் ஊசியை இன்னொருவர் தொடக்கூடாது, புருஷன் பெண்டாட்டியே ஆனாலும். மஞ்சள் காமாலைக் கிருமி உறவுமுறை பார்க்காது.

ரமலானில் பண்டாரவாடை, ராஜகிரி பாய்மார்கள் இன்னொரு சந்தேகத்தோடு வருவார்கள்: குத்தினால் நோன்பு முறியுமா? முறியாது என்று ஜமாத்துப் பெரியவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். 70-க்குக் கீழே போனாலோ 300-க்கு மேலே ஏறினாலோ நோன்பை விட்டுவிட வேண்டும் என்பதுதான் மருத்துவ வழிகாட்டல். அந்த மாதம் ஸ்ட்ரிப் அதிகம் தேவைப்படும். நோன்பு திறக்கப் பழம் வாங்கும் பணத்தில் ஒரு டப்பாவுக்கு ஒதுக்கச் சொல்வேன். ஸ்ட்ரிப்பின் அருமை தெரிந்த இன்னொரு சமயம் புயல். 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னைகளைச் சாய்த்துப்போட்டபோது கரண்ட் வர வாரக்கணக்கானது. அங்குள்ள உறவினர்கள் இன்சுலினை ஈரமணலில் புதைத்த மண்பானையில் வைத்துக் காப்பாற்றினார்கள். மருந்தின் வீரியம் குறைந்திருக்குமோ என்ற பயத்துக்கு, பட்டன் பேட்டரியில் ஓடும் அந்தச் சின்ன மெஷின் ஒன்றுதான் பதில் சொன்னது, ஸ்ட்ரிப் இருந்த வீடுகளில்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2021-இல் விலை நிர்ணய ஆணையம் ஐந்து கருவிகளுக்கு வியாபார லாபத்தை 70 சதவீதத்துக்குள் கட்டியபோது குளுக்கோமீட்டரும் அதில் ஒன்று. ஒருமுறை வாங்கும் பொருளுக்கு அது ஆறுதல். 2025 செப்டம்பர் 22 முதல் மெஷினுக்கும் ஸ்ட்ரிப்புக்கும் ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமானது. வரியோடு 1,120 விற்றது 1,050-க்கு வர வேண்டும். எழுபது ரூபாய் எங்கள் ஊரில் சின்னக் காசில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் உண்மையிலேயே பெரிய காரியம். தன்னார்வலர் பெண் வீட்டுத் திண்ணைக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். என் கடையில் மாத்திரை வியாபாரம் அதனால் குறைந்தது, குறையட்டும். ஆனால் அவர் வருவது மாதத்துக்கு ஒருமுறை. சர்க்கரை இறங்குவது எந்த ராத்திரி என்று சொல்லிக்கொண்டு வராது.

புதிதாக மெஷின் வாங்கப் போகிறவர்களுக்கு: மெஷின் விலையைக் கேட்காதீர்கள். 25 ஸ்ட்ரிப் என்ன விலை, அது உங்கள் ஊர்க் கடையில் எப்போதும் கிடைக்குமா, டப்பா திறந்தால் எத்தனை மாதம் தாங்கும், இந்த மூன்றையும் கேளுங்கள். ஜன் அவுஷதி, முதல்வர் மருந்தகம் பக்கத்தில் இருந்தால் அங்கும் விசாரித்துவிட்டு வாருங்கள்; எனக்கு வருத்தமில்லை. ஸ்ட்ரிப் வாங்க வரும்போது மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். "பச்சை மூடி டப்பா" என்று சொன்னால் எனக்கே இரண்டு கம்பெனி நினைவுக்கு வருகிறது.

கோட்டையில் இருப்பவர்களிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் இன்சுலின் இலவசமாகக் கொடுக்கிறீர்கள். அதை வாங்கிக்கொண்டு நேரே என் கடைக்கு வந்து, ஸ்ட்ரிப் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். பிரிட்டனில் இன்சுலின் போடுகிறவருக்கு டாக்டர் சீட்டிலேயே ஸ்ட்ரிப்பும் வந்துவிடுகிறது. நமக்கு அந்த அளவு கட்டுப்படியாகாமல் இருக்கலாம். எல்லோருக்கும் வேண்டாம், மெட்ஃபார்மின்காரர்களுக்கு வேண்டாம். இன்சுலின் வாங்கும் ஒவ்வொருவருக்கும் அந்த மருந்தோடு சேர்த்து மாதம் 25 ஸ்ட்ரிப் உள்ள ஒரு டப்பா கொடுங்கள்.